ரெண்டு இடது

அசையாதீங்கன்னு சொன்னா அசையாதீங்க. இப்ப நான் குத்தலை. நீங்களா போய் ஊசி மேல சாய்ஞ்சீங்க. ஸ்டூல் ஆடுதா? ஸ்டூல் அது பாட்டுக்குத்தான் நிக்குது, நீங்கதான் ஆடறீங்க.

வாயில குண்டூசி இருக்கு, அதனால பேச்சு கொஞ்சம் கொழகொழன்னுதான் வரும். என்னது? வாய் நிறைய ஊசி வச்சுக்கிட்டே இவ்வளவு பேசறியேன்னா? வாயை மூடிக்கிட்டு வேலை பார்க்கறவ வேணும்னா கல்யாணத்துக்கு முன்னாடியே விசாரிச்சிருக்கணும். எங்க வீட்டுல யாரும் மறைக்கலையே.

நேரா நில்லுங்க. முதுகு நிமிரட்டும். வயித்தை உள்ள இழுக்காதீங்க, என் வயிறு இப்படி இருக்காது. ஆங், விடுங்க, விடுங்க, இன்னும்... அதான். அதான் என் வயிறு.

ஊர்ல பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்த மனுஷன். எவனெவனோ லாரிக்கு நேரா கொண்டு போய் விடறப்ப அசையாம பக்கத்துல உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கிறவர். ஒரு கவுனைப் போட்டுக்கிட்டு ஸ்டூல் மேல நிக்கிறதுக்கு இவ்வளவு நடுக்கமா? ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கேன். யாரும் பார்க்க மாட்டாங்க. பார்த்தாலும் என்ன, கால் நல்லாத்தானே இருக்கு உங்களுக்கு. என் காலை விட நல்லா இருக்கு, அதான் எனக்கு எரிச்சல்.

பொம்மை வாங்கிக்க வேண்டியதுதானேன்னா? வாங்கலாம். கடையில போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன். தையல் பொம்மைன்னு ஒண்ணு நிறுத்தி வச்சிருக்கான், அதுக்குத் தலையும் இல்ல, வயிறும் இல்ல. அது எப்படிங்க என் அளவாகும்? கல்யாணத்தப்ப நீங்க எப்படி இருந்தீங்க, உங்க சட்டைக்குள்ள இன்னொரு ஆள் தாராளமா குடியிருக்கலாம். நான் ஆக்கிப் போட்டு ஆக்கிப் போட்டு, இப்ப பாருங்க, இடுப்பு, வயிறு, தோள், எல்லாம் என் அளவுக்கே வந்து நிக்குது. டேப் வச்சு அளந்தப்ப எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. ஒரே ஒரு இடத்துலதான் உங்களுக்குக் குறை. அதுக்குத்தான் சாக்ஸ்.

வலது பக்கத்து சாக்ஸ் இறங்குது பாருங்க. தூக்கி விடுங்க. இன்னும் மேல. ஐயோ, அவ்வளவு மேல எனக்கு எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல. கொஞ்சம் கீழ. உங்களுக்குத் தெரியாததா. ம், சரி.

இந்தப் பேட்டர்ன் இருக்கே, துணி வெட்டற அளவுக் காகிதம், இதோட உறையைப் பார்த்தீங்களா? அந்த மேசை மேல இருக்கு, தலையை மட்டும் திருப்புங்க, உடம்பைத் திருப்பாதீங்க. படத்துல இருக்கற அந்தப் பொண்ணு கழுத்தைப் பாருங்களேன், முழம் போடலாம். ஒரு கையில தொப்பி, ஒரு கை பாக்கெட்டுக்குள்ள. காத்து அடிக்குது, கவுன் பறக்குது, அவ சிரிக்கிறா. அவளுக்கென்ன, அவ தைக்கலை, போட்டுக்கிட்டா, அவ்வளவுதான். உள்ள பிரிச்சா ஒரு காகிதம், வெங்காயத் தோல் மாதிரி. நாலு அளவுக்கும் சேர்த்து ஒண்ணு மேல ஒண்ணா கோடு போட்டு வச்சிருக்கான். எந்தக் கோடு நம்ம கோடுன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள எனக்குக் கண்ணு கட்டிப் போச்சு. நீங்க அன்னிக்கு டீ டம்ளரை அது மேல வேற வச்சீங்க. என் இடுப்புக் கோட்டுல வட்டமா ஒரு கறை, அடியில இருந்த துணி வரைக்கும் ஊறிடுச்சு. அந்த இடத்துல ஒரு பாக்கெட் வந்துடுச்சு, நல்ல காலம்.

எதுக்கு இந்த வயசுல கையில்லாத கவுன்னு நீங்க கேக்கலை, ஆனா உங்க மூஞ்சி கேக்குது. போன வாரத்துலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கு. ஆசைங்க. வேற என்ன? ஸ்கூல்ல போட்டது கவுன். அதுக்கப்புறம் மூடிமூடி போட்டே காலம் போயிடுச்சு. வெயில் என் முட்டிக்கு மேல பட்டு எத்தனை வருஷம் ஆச்சு, முட்டியைக் கேட்டாத்தான் தெரியும். இந்த வெயில் காலத்துல கடலுக்குப் போறோம். நீங்க அடுத்த வருஷம் பார்க்கலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்னே எத்தனை வருஷத்தை ஓட்டிட்டீங்க. இந்த வருஷம்தான். நான் இந்தக் கவுனைப் போட்டுக்கிட்டு மணல்ல நடப்பேன், நீங்க பின்னாடி என் செருப்பைத் தூக்கிக்கிட்டு வருவீங்க. முடிவு பண்ணியாச்சு.

கையை லேசா தூக்குங்க. அக்குள் கிட்ட கொஞ்சம் தளர்வா விடறேன். உரசக் கூடாது.

பட்டனா? பேட்டர்ன்ல பின்னாடி ஜிப்தான் போட்டிருக்கான். நான்தான் ஜிப்பை வேணாம்னு தூக்கிட்டு முன்பக்கத்தை ரெண்டா வெட்டிப் பட்டன் வச்சேன். பின்னாடி ஜிப்புன்னா கையை முறுக்கி, மேல தூக்கி, அது ஒரு சர்க்கஸ். முன்னாடி பட்டன்னா கையைத் தூக்காமலே போட்டுக்கலாம், கழட்டலாம். என்ன சிரிப்பு? உங்களுக்கும் சுலபம்னா? வெட்கம் கெட்ட மனுஷன். ஊசி என் கையில இருக்குங்கிறதை மறந்துடறீங்க.

இந்தக் குருவிங்களைப் பாருங்க. எவ்வளவு ஆசையா தேடி எடுத்த துணி. மஞ்சள் குருவி. இடது பக்கம் மேல பார்த்துப் பறக்குது, வலது பக்கம் அப்படியே தலைகீழா விழுது, யாரோ கல்லெடுத்து அடிச்ச மாதிரி. சிரிங்க, சிரிங்க. அன்னிக்கு சாப்பிடறப்பவே சிரிச்சு முடிச்சீங்களே, புரை ஏறி நான்தான் தலையில தட்டினேன்.

தைக்கத் தெரிஞ்சவ பண்ற தப்பா அது? நம்ம வீட்டுத் திரை, தலகாணி உறை, பொண்ணோட ஸ்கூல் யூனிஃபார்ம், எல்லாம் இந்தக் கை தைச்சதுதான். துணியை ரெண்டா மடிச்சுப் போட்டு வெட்டினா, முன்பக்கத்துக்குத் தானா ஒரு இடது, ஒரு வலது வரும். எனக்குத் துணி அகலம் பத்தலை. அதனால ஒண்ணொண்ணா வெட்டினேன். ஒண்ணொண்ணா வெட்டினா, ரெண்டாவது தடவை காகிதத்தைக் குப்புறப் போட்டு வெட்டணும். அவ்வளவுதான் விஷயம், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் குப்புறப் போடலை. அப்படியே வச்சேன், அப்படியே வெட்டினேன். எடுத்துப் பார்த்தா ரெண்டும் இடது. கத்தரிக்கோலைக் கையில வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்னு எனக்கே தெரியாது. கடைக்கு ஓடினேன், அந்தத் துணி தீர்ந்து போச்சுன்னுட்டான். மிச்சம் இருந்த துண்டுல எப்படி எப்படியோ திருப்பி வச்சு ஒரு வலதை வெட்டினேன், குருவிதான் தலைகீழா போயிடுச்சு. போகட்டும். மிஞ்சின அந்த இன்னொரு இடது அலமாரியில இருக்கு. தூக்கிப் போட மனசு வரலை.

இதுக்கு நீங்க வச்ச பேரு இருக்கே, ரெண்டு இடதுக்காரி. மாடி வீட்டு அக்காகிட்ட வரைக்கும் போய்ச் சொல்லிட்டு வந்திருக்கீங்க. எல்லாம் கேள்விப்பட்டேன்.

ம், இப்ப வலது பக்கம் டாட் பிடிக்கிறேன், மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. டாட்னா என்னவா? இதோ பாருங்க, நெஞ்சுக்குக் கீழ துணியை இப்படிக் கூம்பா மடிச்சு ஊசி போடறேன்ல, அதான். இதைப் பிடிச்சாத்தான் துணி வளைஞ்சு மேல உட்காரும். இல்லைன்னா ஆணியில மாட்டின சாக்கு மாதிரி தொங்கும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரணும்னு பேட்டர்ன்ல புள்ளி வச்சுக் குடுத்திருக்கான். பார்த்தீங்களா, எவ்வளவு அழகா உட்கார்ந்திருச்சு. உங்களுக்கே எடுப்பா இருக்குங்க, நிஜமா.

இடது அப்புறம். அதுக்கு அவசரம் இல்ல.

வியாழக்கிழமைக்கு லீவு சொல்லிட்டீங்களா? எத்தனை தடவை கேட்டாச்சு. ஏன்னு கேக்காதீங்க, சொல்லும்போது சொல்றேன். அந்த அழுமூஞ்சி மாணவருக்கு அன்னிக்கு ரோட்டுல பரீட்சையா? அவர் எப்படியும் தேறப் போறதில்ல, நீங்க இல்லாம தேறாம போகட்டும். வேற வாத்தியாரை அனுப்பச் சொல்லுங்க. வியாழக்கிழமை நீங்க எனக்கு வேணும். வண்டியும் வேணும். புதன்கிழமைக்குள்ள இந்தக் கவுனை முடிச்சாகணும், அதுக்கப்புறம் கொஞ்ச நாளைக்கு என்னால மெஷின்ல உட்கார முடியாது.

ஏன்னா... இருங்க, பெல் அடிக்குது. எங்க இறங்கறீங்க? இறங்கினா எல்லா ஊசியும் ஒரே நேரத்துல வேலையைக் காட்டிடும். நில்லுங்க. அந்தப் பேப்பரை எடுத்து மூஞ்சிக்கு நேரா வச்சுக்குங்க. நான் பார்த்து அனுப்பிட்டு வரேன்.

வாங்கக்கா, வாங்க. இஸ்திரிப் பெட்டியா? மெதுவா குடுத்திருக்கலாமே, என்ன அவசரம். ஏன் வாசல்லயே நிக்கிறீங்க, உள்ள வந்துட்டுப் போங்க. அவரா? அதோ நிக்கிறாரே. ஆமாக்கா, கவுன்தான். இல்லக்கா, உடம்புக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கார். பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கார். தலைகீழா பிடிச்சுப் படிக்கிறது அவர் பழக்கம், குருவியும் தலைகீழா இருக்கறதால தோதா இருக்கும். சரிக்கா, சிரிச்சுச் சிரிச்சுப் படியில உருண்டுடாதீங்க. கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஏறுங்க.

கேட்டுச்சா? மஞ்சள் உங்களுக்கு நல்லா எடுக்குதாம். முறைக்காதீங்க. ரெண்டு இடதுக்காரின்னு மாடி வரைக்கும் போய்ச் சொன்னீங்கல்ல, கணக்கு நேராயிடுச்சு.

ஏங்க உங்களை இப்படி ஊசி குத்தி நிறுத்தி வச்சிருக்கேன்னு யோசிச்சீங்களா? அளவுக்கு மட்டும்னா உங்க தங்கச்சியைக் கூப்பிட்டிருப்பேன், அவளும் இதே உடம்புதான். உங்களோட ஒரு பழக்கம் இருக்கு. சொன்னா கோவம் வரும். வரட்டும், உங்களால என்ன பண்ண முடியும் இப்ப. கெட்ட சேதின்னு ஒண்ணு வந்தா உங்க கை நேரா ஸ்க்ரூ டிரைவருக்குப் போகும். பொண்ணு போன் பண்ணி, வேலை போச்சுப்பான்னு அழுதா. நீங்க போனை என் கையில குடுத்துட்டு ஃபேனைக் கழட்ட ஆரம்பிச்சீங்க. அந்த ஃபேன் இன்னிக்கு வரைக்கும் டக்கு டக்குன்னு சுத்துது, கேக்குதுல்ல? உங்க அண்ணனுக்கு நெஞ்சு வலின்னு ஆள் வந்து சொன்னப்ப, நீங்க பக்கெட்டை எடுத்துக்கிட்டு காரைக் கழுவப் போயிட்டீங்க. கொட்டுற மழையில. தெருவே வேடிக்கை பார்த்துச்சு. குடை பிடிச்சுக்கிட்டு வந்து உங்களை உள்ள இழுத்துட்டு வந்தவ நான்.

குத்தம் சொல்லலை. அது உங்க சுபாவம். ஆனா எனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கு, சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க என் எதிர்ல நிக்கணும். அவ்வளவுதான்.

ஒண்ணும் இல்லீங்க, பயப்படாதீங்க. முதல்ல இடது பக்கத்தை முடிச்சுடுவோம்.

அந்தப் பக்கத்து சாக்ஸை வெளியில எடுங்க. ஆமா, இடது. வலது அப்படியே இருக்கட்டும். இறங்கலை, சரியாத்தான் இருக்கு. இருந்தாலும் எடுங்க. எடுத்துக் கீழ போடுங்க. எடுங்கன்னா எடுங்களேன்.

ம். இப்ப பாருங்க, துணி அந்தப் பக்கம் அப்படியே தட்டையா விழுது. இதுக்கு டாட் வேணாம். பேட்டர்ன்காரன் புள்ளி வச்சா வச்சுட்டுப் போறான், எல்லாருக்கும் ரெண்டு இருக்கும்னு அவனுக்கு ஒரு நெனப்பு. இங்க நேரா ஒரு தையல் போட்டா முடிஞ்சுது. பாதி வேலை மிச்சம்.

கோணலா? எங்க கோணலா இருக்கு? என் அளவுக்குச் சரியா இருக்கு. இன்னிக்கு உள்ள அளவு இல்லைங்க. வியாழக்கிழமைக்கு அப்புறம் உள்ள அளவு. வியாழக்கிழமை அதை எடுத்துடறாங்க.

எதையா? சாக்ஸை எடுக்கவா ஆஸ்பத்திரிக்குப் போவாங்க?

இறங்காதீங்க. இறங்காதீங்கன்னு சொல்றேன்ல. நில்லுங்க, நான் சொல்லி முடிச்சுடறேன். பல் டாக்டர்கிட்ட போறேன் போறேன்னு போனேனே, பல்லு நல்லாத்தான் இருக்கு. உங்க எதிர்லயே கடலையைக் கடகடன்னு கடிச்சேன், நீங்க ஒரு வார்த்தை கேக்கலை. குளிக்கறப்ப ஒரு நாள் அந்தப் பக்கத்துல கைக்குத் தட்டுப்பட்டுச்சு. பட்டாணி மாதிரி. சரி, கொழுப்புதான், நமக்கு இல்லாத கொழுப்பான்னு விட்டுட்டேன். அப்புறம் மனசு கேக்காம போய்க் காட்டினேன். படம் எடுத்தாங்க, ஊசி வச்சு சதை எடுத்தாங்க. அது கட்டிதான்னு சொல்லிட்டாங்க. கெட்ட கட்டி. டாக்டர் சின்னப் பொண்ணுங்க, நம்ம பொண்ணை விட சின்னவ. என்னை விட அவதான் பயந்து போய்ச் சொன்னா. நான்தான் அவளுக்குத் தண்ணி எடுத்துக் குடுத்தேன். சீக்கிரமே பார்த்துட்டோம்மா, எடுத்துட்டா நல்லா இருப்பீங்கன்னு சொன்னா. மருந்து ஏத்தணுமா வேணாமான்னு எடுத்ததுக்கப்புறம்தான் தெரியுமாம்.

ஆபரேஷன் ஆனா கொஞ்ச நாளைக்கு இந்தக் கையை மேல தூக்க முடியாதாம். அதான் பட்டன். அக்குள்ல துணி பட்டா எரியுமாம். அதான் கையில்லாத கவுன். ஆசையும்தான். ஆசை இல்லைன்னு சொல்லலை.

அந்தச் சேதியைக் கேட்டுட்டு வந்த அன்னிக்குத்தான் துணியை வெட்டினேன். வேற என்ன பண்றதுன்னு தெரியலை. உங்களுக்கு ஃபேன், எனக்குக் கத்தரிக்கோல். மனசு பூரா இடது பக்கத்துலயே கிடந்துச்சா, வலதுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்து போச்சு. ரெண்டு இடதுக்காரின்னு நீங்க சிரிச்சப்ப, சொல்லிடலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா நீங்க அவ்வளவு சந்தோஷமா சிரிச்சீங்க. சரி, இன்னும் ரெண்டு நாள் சிரிக்கட்டும்னு விட்டுட்டேன். இனிமே அலமாரியிலதான் எனக்கு ஒரு இடது இருக்கப் போகுது.

சிரிங்களேன். நல்லாத்தானே சொன்னேன்.

அப்படிப் பார்க்காதீங்க. பொண்ணுக்குப் பால் குடுத்து முடிச்சதோட அதுக்கு வேலையும் முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் சும்மா கூட வந்துக்கிட்டிருந்துச்சு. உங்களுக்கு வருத்தம்னா வருத்தப்பட்டுக்குங்க, உங்களுக்கும் பழகினதுதானே. ஆனா ஒண்ணு, வலதும் நல்லாத்தான் இருக்கு, அதைக் கவனிச்சுக்குங்க.

பொண்ணுகிட்ட நாளைக்கு சொல்லுவோம். நீங்க பக்கத்துல உட்காருங்க, நான் பேசறேன். போனை என் கையில குடுத்துட்டு எழுந்து போகக் கூடாது, அது ஒண்ணுதான் நான் கேக்கறது. வியாழக்கிழமை காலையில வெறும் வயித்துல வரச் சொல்லியிருக்காங்க. எனக்குத்தான் வெறும் வயிறு, உங்களுக்கு இல்ல. நீங்க சாப்பிட்டுட்டு வரணும், இல்லைன்னா அங்க நீங்க மயங்கி விழுந்து, என்னை விட்டுட்டு எல்லாரும் உங்களைப் பார்ப்பாங்க. மெதுவா ஓட்டுங்க. மழை பெய்ஞ்சாலும் சரி, அன்னிக்குக் காரைக் கழுவக் கூடாது.

என்னங்க? சத்தமா சொல்லுங்க. ... ஆமா. பயமாத்தான் இருக்கு. ரொம்பப் பயமா இருக்குங்க. வாயில ஊசியை வச்சுக்கிட்டுப் பேசினா அழுகை வராது, ஊசியை முழுங்கிடுவோம்னு ஒரு பயம் அதை விடப் பெருசா இருக்கும். அப்படித்தான் இவ்வளவு நேரம் பேசினேன். இப்ப வாயில ஒண்ணும் இல்ல, எல்லா ஊசியும் உங்க மேல இருக்கு.

குருவி மேல சிந்தாதீங்க. துணி புதுசு, சாயம் இறங்கும்.

வேணாங்க, இறங்காதீங்க. கீழ் மடிப்பு வேற இன்னும் பாக்கி இருக்கு. கையை இப்படி நீட்டினா அந்த டாட் பிரிஞ்சுடும், உடம்பு பூரா குண்டூசிங்க, எனக்கும் குத்தும், உங்களுக்கும் குத்தும்...

சரி, வாங்க. குத்தினா குத்தட்டும்.